நாடி பார்க்க கிளவுஸ் எதற்கு?

ஜி.என்.எம். நர்சிங் படிப்பு முடித்து 2003-இல் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது நாமக்கல் பக்கம் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில். சுற்றிலும் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். ராத்திரி பத்து மணி வரைக்கும் வெல்டிங் வெளிச்சம் ஜன்னலில் அடித்துக்கொண்டே இருக்கும். ஆண்கள் வார்டில் மொத்தம் 12 கட்டில். கடைசிக் கட்டில் கக்கூஸ் கதவை ஒட்டிக் கிடக்கும். அங்கே யாரைப் படுக்க வைப்பார்கள் என்பது சேர்ந்த இரண்டாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது அங்கே இருந்த அண்ணன் ஒரு லாரி டிரைவர். முப்பத்தைந்து வயது இருக்கும், பார்ப்பதற்கு ஐம்பது போல இருந்தார். நிற்காத வயிற்றுப்போக்கு, கூடவே டி.பி. கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று எழுதி, சுற்றி வட்டமும் போட்டிருந்தார்கள். டூட்டி மாற்றும்போது ரிப்போர்ட் கொடுப்போம் இல்லையா, "ஒண்ணு, ஹெர்னியா, மூணாம் நாள். ரெண்டு, காய்ச்சல், ட்ரிப்ஸ் ஓடுது" என்று வரிசையாக வந்து கடைசியில் "பன்னெண்டு, பாசிட்டிவ்" என்று முடியும். அவருக்கு எத்தனை தடவை போனது, எவ்வளவு தண்ணீர் குடித்தார், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, ஒரு வார்த்தை இருக்காது. அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தோம். அதையும் வார்டு முழுக்கக் கேட்கும் குரலில்தான் சொல்வோம்.

அவருக்கு நாடி பார்க்க நான் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கிளவுஸ் போடுவேன். இரண்டு ரப்பருக்கு அடியில் நாடி சரியாகப் பிடிபடாது, குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதிவிட்டு வருவேன். மாத்திரையை விரல் படாமல் மேலே இருந்து அவர் கையில் போடுவேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் ட்ரேயோடு வருவதைப் பார்த்ததுமே அவர் கையைக் கட்டில் கம்பிக்கு வெளியே நீட்டினார். உள்ளங்கையை மலர்த்தி, கொஞ்சம் குழித்து, அசையாமல் வைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாத்திரை உருண்டு கீழே விழாமல் இருக்கக் குழித்திருக்கிறார். நான் கிட்டே வர வேண்டாம் என்பதற்காக நீட்டியிருக்கிறார். மாத்திரை விழுந்ததும் "சரிங்க சிஸ்டர்" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒழுங்கான பேஷண்ட், தொந்தரவு இல்லை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரத்தில் போய்விட்டார். எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசமாக 2004 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நாட்டில் தொடங்கியது, முதலில் கிடைத்த இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்குச் சில மாதங்கள் முன்னால் அவர் எங்கள் வார்டில் இருந்தார்.

இதில் முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பது எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். நர்சிங் ஸ்கூல் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இந்தியாவில் முதன்முதலில் இதைக் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் என்று எங்கள் டியூட்டர் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கொசு கடித்தால் வராது. யார் எந்தக் கேள்வித்தாளை நீட்டினாலும் எல்லாவற்றுக்கும் சரியாக டிக் போட்டிருப்பேன். அதே கையில் இரண்டு கிளவுஸும் போட்டிருப்பேன். அதனால்தான் "நர்சுகளுக்கு விழிப்புணர்வு போதவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு முழுசாக ஒப்புக்கொள்ள முடிவதில்லை. விழிப்புணர்வு வகுப்பு நடத்தி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினால் மண்டைக்குள் ஏறும். கைக்கு அது வந்து சேர எனக்கு ஆறு வருடம் ஆனது, அதுவும் ஒரு ஊசி குத்தி.

2009. அதற்குள் ஓர் அரசு மருத்துவமனையில் தொகுப்பூதியத்தில் சேர்ந்திருந்தேன். கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி. பைக்கில் இருந்து விழுந்த ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இருபத்திரண்டு வயது இருக்கும். கிளவுஸ் பெட்டி காலி. எடுத்து வர நேரமில்லை என்று வெறுங்கையோடு, ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் வென்ஃப்ளான் குழாயைப் போட்டேன். லைன் கிடைத்துவிட்டது. உருவின ஊசியை அப்படியே டப்பாவில் போட்டிருக்க வேண்டும். டப்பா அறையின் அந்த மூலையில் இருந்தது. கூட வந்தவர்கள் கட்டிலை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வேறு யாருக்கும் குத்திவிடக் கூடாதே என்று மூடியைப் போடப் போனேன், மூடியைத் தாண்டி என் இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

பயந்து பயந்து இரண்டு கிளவுஸ் போட்ட பன்னிரண்டாம் கட்டிலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தச் சிவப்பு மையும் இல்லாத ஒரு பையனிடம் வெறுங்கையோடு போனேன். அவனை "சாதாரண கேஸ்" என்று என் கண் பிரித்துவிட்டது. காலையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் அவன் சம்மதத்தோடு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கிறது. அவனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

குத்தின அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கூட இருந்த சிஸ்டர் விரலைப் பிதுக்கி ரத்தத்தை எடு என்றார். இன்னொருவர் ஸ்பிரிட்டை ஊற்ற வந்தார். இரண்டும் கூடாது. பிதுக்கவோ, உறிஞ்சவோ, ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் எதையும் காயத்தில் போடவோ வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான தண்ணீரால் அல்லது சலைனால் கழுவ வேண்டும். அடுத்தது தடுப்பு மாத்திரை. அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பிரயோஜனமில்லை. அந்தப் பையனின் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் முதல் டோஸைப் போட்டுவிடச் சொன்னார் டூட்டி டாக்டர். மாத்திரை எங்கள் கேஷுவாலிட்டி பீரோவிலேயே இருந்தது. பீரோ சாவி யாரிடம் என்று தேடத்தான் அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னமும் மறக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் எந்த வார்டுக்கு மாறினாலும், இப்போது முதல் நாள் நான் கேட்கும் முதல் கேள்வி, குத்தினால் போடும் மாத்திரை எங்கே, சாவி ராத்திரியில் யாரிடம் என்பதுதான்.

28 நாள் சாப்பிட்டேன். அந்தக் காலத்து ஜிடோவுடின் சேர்ந்த மாத்திரை வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். ரசம் தாளிக்கிற வாசனை வந்தாலே வாசலுக்கு ஓடுவேன். இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது, எவ்வளவோ சுலபம். பாதியில் விட்டுவிடாதீர்கள். எனக்கு ஆறு வாரத்தில், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில் என்று பரிசோதனை செய்தார்கள். மூன்றிலும் இல்லை என்று வந்தது.

ஆனால் அந்த ஆறு மாதம் இருக்கிறதே. டூட்டி ரூமில் தினமும் சாயங்காலம் ஆயாம்மா ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வந்து எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றுவார். விஷயம் தெரிந்த மூன்றாம் நாள், நாலு டம்ளரும் ஒரு பேப்பர் கப்பும் வந்தது. பேப்பர் கப் என் பக்கம் நகர்ந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, வாங்கிக் குடித்தேன். ஆயாம்மாவை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்ததில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்த நாலு பேரும் என்னைப் போலவே படித்தவர்கள், பரீட்சையில் எழுதினவர்கள். வீட்டுக்குப் போனால் நானும் அதையேதான் செய்தேன். என் பையனுக்கு அப்போது நாலு வயது. என் தட்டில் இருந்து அவன் ஒரு வாய் எடுக்க வந்தால் தட்டை இழுத்துக்கொள்வேன். வராது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே இழுப்பேன்.

பயத்தைக் குறைத்ததில் அறிவுரையைவிடக் கணக்குதான் எனக்கு அதிகம் உதவியது. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வருகிற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி என்றால் சுமார் 1.8 சதவீதம். ஹெபடைட்டிஸ் பி, அதுவும் தடுப்பூசி போடாதவருக்கு, 6-இல் இருந்து 30 சதவீதம் வரைக்கும் போகும். நாங்கள் எதற்கு நடுங்கினோம், எதை மறந்தோம் பாருங்கள். 2009-இல் எங்கள் ஷிப்டில் ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸையும் முடித்திருந்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. நானே இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறந்தவள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. நர்சிங் படிக்கிற தங்கச்சிகள் இதைப் படித்தால், முதலில் உங்கள் மூன்றாவது ஊசியை முடியுங்கள்.

அப்புறம் கிளவுஸ். இப்போது நான் இன்சார்ஜ் சிஸ்டர், வார்டுக்கு வேண்டிய சாமான்களைக் கேட்டு இண்டென்ட் போடுவது என் வேலை. ஒரு தடவை ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எச்.ஐ.வி. உள்ள ஒருவர் வார்டில் இருக்கும் வாரத்தில் கிளவுஸ் மளமளவென்று தீரும். அவர் டிஸ்சார்ஜ் ஆன அடுத்த வாரம் பெட்டி அப்படியே இருக்கும். அந்த அடுத்த வாரமும் ரத்தம் எடுத்திருக்கிறோம், டிரெஸ்ஸிங் செய்திருக்கிறோம், சக்ஷன் போட்டிருக்கிறோம். எந்தக் கேள்வித்தாளிலும் வராத எங்கள் மனசு அந்த ரிஜிஸ்டரில் எழுதியிருந்தது. அன்றைக்கு இருந்து எங்கள் வார்டில் ஒரே வழக்கம்தான். ரத்தமோ சீழோ உடம்பு நீரோ கையில் படும் என்றால், யாராக இருந்தாலும் கிளவுஸ். ஒரு ஜோடி. ஒருவரை விட்டு அடுத்தவரிடம் போகும்போது மாற்ற வேண்டும். நாடி பார்க்க, பி.பி. பார்க்க, மாத்திரை கொடுக்க, தோளைப் பிடித்து உட்கார வைக்க, யாராக இருந்தாலும் கிளவுஸ் வேண்டாம், கை கழுவினால் போதும். ஊசிக்கு மூடி போடவே கூடாது. நீடில் டப்பா கைக்கு எட்டும் தூரத்தில், டிராலியிலேயே இருக்க வேண்டும். மூலையில் இருந்தால் யாராவது மூடி போடத்தான் செய்வார்கள். டப்பா முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஊசியைக் குப்பைப் பையில் போட்டால் அது குத்துவது நமக்கல்ல, காலையில் அந்தப் பையைத் தூக்குகிற ஆயாம்மாவுக்கு. அதனால் எங்கள் வகுப்புகளில் துப்புரவுப் பணியாளர்களையும் கூப்பிட்டு எங்களோடு உட்கார வைக்கிறேன்.

இதெல்லாம் பயத்துக்கு மருந்து. மனசில் இன்னொன்று இருக்கிறது, அது பயம் போனாலும் போகாது. "இவங்க என்ன பண்ணினாங்களோ" என்ற அந்த எண்ணம்.

பிரசவ வார்டில் இருந்தபோது நடந்தது. இருபத்திமூன்று வயதுப் பெண், முதல் பிரசவம், வலி எடுத்து வந்திருந்தாள். அவள் கேஸ் ஷீட்டிலும் சிவப்பு வட்டம். துணி ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்று கேட்டேன், "எப்படிம்மா வந்துச்சு?" அன்பாகக் கேட்பதாகத்தான் நினைத்தேன். அவள் வலியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கல்யாணம் பண்ணிக்கிட்டேன் சிஸ்டர். அதுல வந்துச்சு" என்றாள்.

அந்தப் பதிலால் நான் செய்யப்போகிற எதுவும் மாறப்போவதில்லை. குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்கும் நெவிராபின் சிரப் எடுத்து வைக்க வேண்டும், எவ்வளவு, எப்போது என்று பார்க்க வேண்டும், பால் கொடுப்பது பற்றி அவளிடம் பேச வேண்டும். எனக்குத் தேவையானது அவ்வளவுதான். பிறகு யாரிடமும் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. பதில் தெரிந்தால் நான் கொடுக்கிற மருந்தோ கவனிப்போ மாறுமா என்று மனசுக்குள் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன், மாறாது என்றால் வாயை மூடிக்கொள்வேன். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1998-இல் பாசிட்டிவ் பெண்களுக்காகச் சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். தனக்கும் திருமணத்தில்தான் தொற்று வந்தது என்று வெளிப்படையாகப் பேசியவர். அவர் எங்கள் ஊர்ப்பக்கம் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். சரி, கல்யாணத்தில் வராமல் வேறு வழியில் வந்திருந்தால் மட்டும் அவர்களுக்கு வலி குறைவாகவா இருக்கும்? "பாவம், புருஷனால வந்தது" என்று ஒருவருக்கு இரக்கப்பட்டு, இன்னொருவரிடம் முகம் சுளிப்பதும் அதே தீர்ப்பின் இன்னொரு பக்கம்தான்.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது அதோடு முடியவில்லை. அவள் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எல்லார் கேஸ் ஷீட்டும் ஒரு மாதிரி இருக்க, மருமகளுடையதில் மட்டும் சிவப்பு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே. "எம்மருமகளுக்கு மட்டும் எதுக்குங்க செவப்பு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். யாரோ சொல்லிவிட்டார்கள். குழந்தையைப் பார்க்க அந்த வீட்டில் இருந்து அப்புறம் யாரும் வரவில்லை.

இப்போது இதற்குச் சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சையில் பாகுபாடு கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் புகார் கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும். நர்சுகள் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்றும் இதே சட்டத்தில் இருக்கிறது. ரத்தம் படக்கூடிய வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்கள், பயிற்சி, ஊசி குத்தினால் தடுப்பு மருந்து, இவற்றைக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. கிளவுஸ் இல்லை என்றால் கேட்க நமக்கு உரிமை உண்டு. கிளவுஸ் இல்லாததற்கு நோயாளியின் மேல் கோபப்படத் தேவையில்லை.

இன்னொரு விஷயம், சர்ஜரி வார்டிலும் எலும்பு வார்டிலும் இருக்கிறவர்களுக்கு. ஏ.ஆர்.டி. சாப்பிடுகிறவர்கள் வேறு எதற்காகவோ அட்மிட் ஆகும்போது மாத்திரையை ஒளித்து வைத்திருப்பார்கள். பாட்டிலின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அல்லது சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி, தலையணைக்கு அடியில். நாம் கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள், கேட்கிற மாதிரி கேட்டால்தான் சொல்வார்கள். நான் அட்மிஷனில் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்பேன்: "தினமும் சாப்பிடற மாத்திரை ஏதாவது இருக்குங்களா? இங்க இருக்கறப்பவும் விடக் கூடாது. அட்டெண்டர் இல்லாதப்ப எங்கிட்ட காட்டுங்க போதும்." இதைத் தெரிந்துகொள்வது வெறும் மரியாதைக்காக இல்லை. ஏ.ஆர்.டி.யில் டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறவருக்கு ஜெலுசில் மாதிரி வயிற்று எரிச்சலுக்கான ஆன்டாசிடைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த மருந்து உடம்பில் ஏறாது, ஆன்டாசிடுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோதான் டோலுடெக்ராவிர் போக வேண்டும். டி.பி.க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிர் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஆக வேண்டும். நமக்குத் தெரியாமல் இதெல்லாம் நடந்தால் பல வருடமாக அவர் ஒழுங்காகக் காப்பாற்றி வைத்திருந்த உடம்பை நாம் ஒரு வாரத்தில் கெடுத்துவிடுவோம்.

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் வைரல் லோடு சோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்கு வந்து, அப்படியே தொடர்கிறவரிடம் இருந்து உடலுறவு வழியாகக்கூடத் தொற்று பரவாது. இதைச் சொன்னபோது என் வார்டு சிஸ்டர்களில் மூன்று பேர் நம்பவே இல்லை. சொன்ன பிறகும் ஒருத்தி மெதுவாக, "இருந்தாலும் அக்கா" என்றாள். அந்த "இருந்தாலும்" எனக்குத் தெரியும். அவளை நான் அதட்டவில்லை. அடுத்த இரண்டு நாள் அவளோடு சேர்ந்து ரவுண்ட்ஸ் போனேன். அவள் பார்க்கும்படி வெறுங்கையால் நாடி பார்த்தேன், மாத்திரையைக் கையில் வைத்தேன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினேன். மூன்றாம் நாள் அவளாகவே செய்தாள்.

போன மாதம் அவள் எனக்கு ராத்திரி ரிப்போர்ட் கொடுத்தாள். "ஆறாம் பெட் அக்காவுக்கு கால் டிரெஸ்ஸிங் மாத்தியாச்சு, கசிவு குறைஞ்சிருக்கு. சாயங்காலம் ரெண்டு இட்லிதான் சாப்பிட்டாங்க. ஒம்போது மணி மாத்திரை அவங்ககிட்டயே இருக்கு, ஜெலுசிலை அப்புறமா மாத்தி எழுதி வாங்கிட்டேன். அந்நேரத்துக்குத் தண்ணி மட்டும் வெச்சுடுங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு ஏழாம் பெட்டுக்குப் போனாள்.